எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்: ‘மனிபோல்’ நூல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விளையாட்டைப் பற்றி எழுதப்படும் நூல்களை விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமா என்னும் வினா சிலரிடம் எழக்கூடும். திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியச் சிந்தனையாளரான சி. எல். ஆர். ஜேம்ஸ் கிரிக்கெற்றை முன்வைத்து 1963இல் எழுதிய நூல் அவ்வினாவுக்கு ஏற்கெனவே விடையளித்துவிட்டது எனலாம். அவர் காட்டிய வழிநின்று நோக்குமிடத்து, ஒரு சமூகம் தன் விளையாட்டு வீரரை எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பது அச்சமூகம் மனித உழைப்பை எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பதிலிருந்து பிரித்து நோக்கற்பாலதன்று. இந்நோக்கிலேயே, அமெரிக்க எழுத்தாளர் மைக்கல் லூயிஸ் 2003இல் வெளியிட்ட ‘மனிபோல்’ எனும் நூலை இக்கட்டுரை அணுகுகின்றது. பேஸ்போல் இரசிகர் தம்முள் நிகழ்த்தும் விவாதங்கள் அனைத்தையும் இரு கட்சிகளாகப் பிளந்த நூல் இது. 2011இல் திரைப்படமாகவும் வந்து, அவ்விளையாட்டின் விதிகளையே அறியாதவரிடத்தும் சென்றடைந்தது.

நூலின் கதை சுருக்கமானது. கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரத்து அணியான அத்லெற்றிக்ஸ், 2001ஆம் ஆண்டின் பின் தன் முதன்மை வீரர் மூவரைச் செல்வம் மிகுந்த அணிகளிடம் இழக்கின்றது. அணியின் பொது முகாமையாளர் பில்லி பீன், அனுபவம் மிக்க ‘ஆள்தேடுவோர்’ கண்ணால் கண்டு கூறும் தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டு, புள்ளிவிபரங்களின் துணையுடன் பிறர் வேண்டாமென்று தள்ளிய வீரரை மலிவாகத் திரட்டுகின்றார். 2002இல் அவ்வணி 162 ஆட்டங்களில் 103 ஆட்டங்களை வென்றது. இடையில் தொடர்ச்சியாக இருபது வெற்றிகள். அதே ஆண்டில் அதே 103 வெற்றிகளைப் பெற்ற நியூயோர்க் யாங்கீஸ் அணி வீரரின் சம்பளத்துக்கெனச் செலவிட்டது ஏறத்தாழ 125 மில்லியன் டொலர்; ஒக்லண்ட் செலவிட்டதோ ஏறத்தாழ 40 மில்லியன்.

இவ்வெற்றியின் சூத்திரம் எது? கிரிக்கெற்றை அறிந்த வாசகர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பேஸ்போலில் பந்தெறிவாளர் துடுப்பாட்டக்காரருக்கு உரிய எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகளை எறிந்து, அவற்றைத் துடுப்பாட்டக்காரர் அடிக்காது விட்டுவிடுவாராயின், அவர் முதலாம் பேஸுக்கு நடந்தே செல்லலாம். இதனை ‘நடை’ என்பர். பேஸை அடைதல் என்ற அளவில், அடித்து ஓடிச் சென்றவரும் நடந்து சென்றவரும் ஒரே இடத்திலேதான் நிற்கின்றனர். ஆயினும் நூறாண்டுக்கு மேலாக வீரரின் தரத்தை உரைத்த ‘துடுப்பாட்டச் சராசரி’யில் நடைக்கு இடமே இருக்கவில்லை. (1887ஆம் ஆண்டில் மாத்திரம் நடையையும் அடியாகக் கணக்கிட்டுப் பார்த்துக் கைவிட்டனர்.) பேஸ்போலுக்குப் புள்ளி அட்டையை வகுத்துக்கொடுத்தவர்களுள் தலையாயவர் ஹென்றி சட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றரில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறி, முதலிற் கிரிக்கெற் ஆட்டங்களைப் பத்திரிகைகளுக்கு எழுதியவர் அவர். நடையைப் பந்தெறிவாளரின் தவறாக மட்டும் அவர் கொண்டாரேயன்றி, அடிக்காது விடுவதும் ஒரு திறமை என்று கருதவில்லை. ஆக, ஒரு விளையாட்டின் அளவுகோல் இன்னொரு விளையாட்டின் மீது ஏற்றப்பட்டு, நெடுங்காலம் இயற்கை நியதிபோல் வழங்கிவந்தது. பீனின் அணி வாங்கியது பெரும்பாலும் இந்த நடையைத்தான்.

இவ்வுண்மையைக் கண்டுபிடித்தவர் பீன் அல்லர் என்பதை லூயிஸும் மறைக்கவில்லை. நூலின் மிகச் சிறந்த பகுதி, என் கருத்தில், பில் ஜேம்ஸ் பற்றிய அத்தியாயமே. கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில், பன்றியிறைச்சியும் அவரையும் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையொன்றின் இரவுக் காவலாளியாக இருந்த இவர், விழித்திருக்கும் பொழுதைப் பேஸ்போல் கணக்குகளிற் செலவிட்டார். 1977இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட அவரது முதற் பிரசுரம் எழுபத்தைந்து பிரதிகள் அளவிலேயே விற்பனையாயிற்று. பேஸ்போல் நிறுவனங்களுடன் அவருக்கு எத்தகைய உறவும் இருக்கவில்லை. ஆட்டங்களின் விரிவான பதிவுகளை அதிகாரபூர்வக் கணக்காளர் நிறுவனம் பொதுமக்களுக்குத் தர மறுத்தபோது, 1984இல் அவரது அழைப்பையேற்று நாடெங்கும் உள்ள இரசிகர் ஊதியமின்றி ஒவ்வோர் ஆட்டத்தையும் பந்துபந்தாகத் தாமே பதிவுசெய்யத் தொடங்கினர். அறிவை உடைமையாளர் பூட்டிவைத்தபொழுது, பார்வையாளர் அதனைக் கூட்டுழைப்பினால் மீண்டும் ஆக்கிக்கொண்டனர். இவ்வியக்கத்தின் வரலாறு அமெரிக்கப் பண்பாட்டு வரலாற்றில் தனித்து ஆராயப்படவேண்டியது.

ஜேம்ஸ் செய்தது விமர்சனம் என்ற சொல்லின் முழுப்பொருளிலும் விமர்சனமே. “எமக்குத் தெரியும், நாம் ஆடியிருக்கின்றோம்” என்ற அதிகாரத்தை நோக்கி, “எவ்வாறு தெரியும்?” என்று அவர் கேட்டார். நயத்தலே போதும் என்போருக்கும், நயத்தலுக்கு ஆதாரம் காட்டு என்போருக்கும் இடையே எமது இலக்கியத்துறையில் நிகழ்ந்த வாதங்களை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

எனினும், நூலின் கட்டமைப்பை நோக்குமிடத்து ஒரு திரிபு நிகழ்ந்திருப்பதைக் காணலாம். இரசிகரிடையே பிறந்த அறிவு ஓர் அத்தியாயத்துக்குரிய முன்கதையாகச் சுருங்குகின்றது. காவியத் தலைவனின் இடத்தில் முகாமையாளர் நிறுத்தப்படுகின்றார். பீனின் இளமைக் கதை இதற்கு வசதியாகவும் அமைந்துவிட்டது. 1980இல் ஆள்தேடுவோர் அனைவரும் வியந்து முதற் சுற்றிலேயே தெரிவுசெய்த அழகிய இளைஞன் அவர். பல்கலைக்கழகத்தைக் கைவிட்டு வந்து, பெரிய அணிகளுக்காக 148 ஆட்டங்களே ஆடி, .219 என்ற இரங்கத்தக்க சராசரியுடன் ஓய்ந்தவர். தன்னைப் பிழையாக மதிப்பிட்ட கண்களைப் பழிவாங்குகின்றான் தலைவன், பகுத்தறிவு வெல்கின்றது, மூடநம்பிக்கை தோற்கின்றது. வாசிப்பதற்குச் சுவையானதுதான். ஆனால் இக்கதையில் வீரர் எங்கே நிற்கின்றனர்?

இவ்விடத்து, நூல் விரைந்து கடந்துசெல்லும் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1975 வரை அமெரிக்கப் பேஸ்போல் வீரர் ஒருவர், தம்மை ஒப்பந்தம்செய்த அணிக்கே வாழ்நாள் முழுவதும் கட்டுண்டவராக இருந்தார். விற்கப்படலாம், மாற்றப்படலாம், தாமாக விலக இயலாது. தம்மை வேறு நகருக்கு மாற்றியதை ஏற்க மறுத்துக் கறுப்பின வீரர் கேர்ட் பிளட் தொடுத்த வழக்கு, 1972இல் உயர்நீதிமன்றத்திலே தோல்வியுற்றது. மாவின் மில்லரின் தலைமையிலான வீரர் தொழிற்சங்கம் 1975 இறுதியில் நடுவர் தீர்ப்பொன்றின் வாயிலாகவே அக்கட்டை அறுத்தது. அதன் பின்னரும் ஒரு சமரசம் எஞ்சியது: ஆறாண்டு சேவை நிறைவுற்ற பின்னரே வீரர் தம் உழைப்பைத் தாம் விரும்பிய அணிக்கு விற்கலாம். ஒக்லண்டின் மலிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கேதான் உண்டு. 2002இல் அவ்வணியைத் தாங்கிய பந்தெறிவாளர் மூவரும் – ஹட்சன், மல்டர், சீற்றோ – ஆறாண்டு நிறையாத இளைஞர்கள். அவர்களுள் சீற்றோ அவ்வாண்டு 23 ஆட்டங்களை வென்று தன் பிரிவின் தலைசிறந்த பந்தெறிவாளருக்கான விருதைப் பெற்றார். லூயிஸ் இவர்களை அறவே மறைத்துவிட்டார் என்று கூறுவது நியாயமாகாது. ஆயின் கதையின் வெளிச்சம் அவர்கள்மேல் விழவில்லை. திரைப்படத்திலோ அவர்கள் ஏறக்குறைய மறைந்தேவிடுகின்றனர். சூத்திரத்தின் கூர்மையினால் மலிவாகக் கிடைத்தது ஒரு பங்கு. சட்டத்தினால் மலிவாக்கப்பட்டது மறுபங்கு.

இதனினும் நுண்மையான ஒரு சிக்கல் ‘நடை’யிலேயே பொதிந்திருக்கின்றது. 2002இல் அப்பிரிவின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் என்ற விருதும் ஒக்லண்ட் அணிக்கே கிடைத்தது. அதைப் பெற்றவர் டொமினிக்கன் குடியரசின் பானி நகரில் வறுமையில் வளர்ந்த மிகேல் தெஹாடா. 34 ஹோம் றண்கள் அடித்த இவர், பீனின் கோட்பாட்டுக்கு உவப்பான பொறுமைசாலி அல்லர். கண்ணிற் படும் பந்தையெல்லாம் வீசியடிப்பவர். பீன் பொது முகாமையாளராவதற்கு முன்னரே, 1993இல், பதின்ம வயதில், வெறும் 2000 டொலருக்கு ஒப்பந்தம்செய்யப்பட்டவர். டொமினிக்கன் வீரரிடையே நெடுநாள் வழங்கிவரும் கூற்றொன்றுண்டு: நடந்து தீவை விட்டு வெளியேற முடியாது. நடை என்ற சொல்லின் இருபொருளும் அதில் உண்டு. கரும்புத் தோட்டத்தோரத்து மைதானத்துக்கு வரும் ஆள்தேடுவோர் அரைமணி நேரமே நிற்பார். அவர் பார்க்க வருவது அடியை. அடிக்காது விடும் பொறுமையை அவர் குறித்துக்கொள்ளப் போவதில்லை. எனவே சிறுவன் அடிக்கின்றான். மறுபுறம், உயர்நிலைப் பள்ளி மாணவரைத் தவிர்த்துப் பல்கலைக்கழக வீரரையே தெரிவுசெய்க என்பது பீனின் விதிகளுள் ஒன்று. அவர்களைப் பற்றிய புள்ளிவிபரம் நம்பத்தகுந்தது என்பது காரணம். ‘பேஸ் அடையும் வீதம்’ என்ற எண் வர்க்கச் சார்பற்றதுபோல் தோற்றமளிப்பினும், அவ்வெண்ணில் உயர்வதற்கு வேண்டிய பொறுமை எல்லா மனிதருக்கும் ஒரே விலையிற் கிடைப்பதன்று. அதனை விளைவிப்பன பயிற்சியும் ஓய்வும் இரண்டாவது வாய்ப்புக் கிட்டும் என்ற உறுதியுமாகும். தீவில் வாழும் எமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. நூலில் தெஹாடா விதிவிலக்காகவே வந்து போகின்றார். விதியை ஐயுறுவதற்கு அவர் ஒரு காரணமாக அமைந்திருக்கலாம்.

புள்ளிவிபரக் கட்சியாரின் குறைகளைக் கூறியதனால், எதிர்க் கட்சியாரின் வாதம் முழுவதையும் நான் ஏற்றதாகக் கொள்ளலாகாது. குழு உணர்வு, ஒற்றுமை, ‘அனுபவத்தின் மௌனமான பங்களிப்பு’ என்று அவர்கள் பேசுவனவற்றுட் பல வெறும் புராணமே. நூலை மிகக் கடுமையாகத் தாக்கிய முன்னாள் வீரர் ஜோ மோர்கன், அதனைப் பில்லி பீனே எழுதினார் எனக் கருதியிருந்தமை நகைப்புக்கிடமானது. 1975, 1976 ஆகிய ஈராண்டுகளிலும் தன் பிரிவின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரராக விளங்கிய அவரோ, நடையைப் பெறுவதிலும் பேஸை அடைவதிலும் பீனின் கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்தாற்போல் ஆடியவர்! தம் சொந்த ஆட்டத்தின் சிறப்பை விளக்கிய கோட்பாட்டையே அவர் பகைத்தார். ஆடியவருக்கு ஆட்டம் தெரியும். ஆட்டத்தைப் பற்றி அவர் கூறுவதெல்லாம் உண்மை என்பது அதிலிருந்து பெறப்படாது. படைப்பாளியின் தன்விளக்கத்தை விமர்சகர் எவ்வாறு ஏற்கவேண்டும் என்ற பழைய பிரச்சினைதான் இதுவும்.

ஆயினும், எண்ணப்படாதது யாவும் இல்லாதது என்று புள்ளிவிபரக் கட்சி அவசரப்பட்ட இடமும் உண்டு. துடுப்பாட்டக்காரரின் பின்னாற் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் – எமது விக்கெற் காப்பாளரை ஒத்தவர் – எல்லையோரத்துப் பந்தை அசைவின்றி ஏந்தி, நடுவரின் தீர்ப்பைத் தம் பந்தெறிவாளருக்குச் சாதகமாக்குகின்றார் என்று பழைய பயிற்றுநர் கூறிவந்தனர். சான்றில்லாத கதை என்று புள்ளிவிபரக்காரருட் பலர் இதனை ஒதுக்கினர். 2008 அளவில் எல்லா அரங்குகளிலும் பந்தின் பாதையைப் பதிவுசெய்யும் கமெராக்கள் வந்தன. 2011இல் மைக் பாஸ்ற் எனும் ஆய்வாளர் வெளியிட்ட கணிப்பு, அக்கலை உண்மையென்றும், ஓராண்டில் ஓர் அணியின் வெற்றிகளையே கூட்டவல்லதென்றும் காட்டிற்று. துடுப்பாட்டத்தில் மிகப் பலவீனரான ஹோசே மொலினா என்பவர் திடீரென அறிஞரின் வியப்புக்குரியவரானார். அவர் முன்னும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். இது குழுவேலையின் மிகத் தூய வடிவமாகும். அதன் பயன் இன்னொருவரின் கணக்கில் எழுதப்படுகின்றது. எண்ணும் முறை மாறியபொழுது அவரது உழைப்புக் கண்ணுக்குத் தெரிந்தது.

2012ஆம் ஆண்டின் விவாதத்தையும் இங்குக் குறிப்பிடவேண்டும். டெற்றொயிற் அணியின் மிகேல் கப்ரேரா, சராசரி, ஹோம் றண், ஓட்டம் ஈட்டிக்கொடுத்தல் ஆகிய மூன்றிலும் தன் பிரிவில் முதலிடம் பெற்றார். 1967இன் பின் எவரும் செய்யாத சாதனை அது. லொஸ் ஏஞ்சலிஸின் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட், காப்பிலும் ஓட்டத்திலும் சிறந்து, புதிய கணிப்புகளின்படி அவரிலும் மேம்பட்டு நின்றார். பழைய கட்சியார் கூறிய காரணம், கப்ரேரா தன் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார் என்பது. உண்மையில் டெற்றொயிற் வென்றது 88 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ் வென்றது 89. பலவீனமான உட்பிரிவில் இருந்ததனால் முன்னது முன்னேறிற்று. முதலிடத்துக்கான 28 வாக்குகளுள் 22ஐ கப்ரேராவே பெற்றார். ட்ரவுட்டின் பக்கம் நின்ற இரசிகரின் வாதமே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகின்றது. ஆனால் அவர்களும் ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தயங்கினர்: அவ்வாண்டு அணிக்குப் புதிதாக வந்த இன்னொரு வீரருக்காக, கப்ரேரா தான் பழகிய முதலாம் பேஸை விட்டுக்கொடுத்து, தனக்குக் கடினமான மூன்றாம் பேஸைக் காக்கச் சம்மதித்தார். கணிப்பில் அவரது காப்பு மதிப்பு அதனாற் குறைந்தது. அணிக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு, தனியாளின் கணக்கிற் குற்றமாகப் பதிவாயிற்று.

அக்கணிப்பின் பெயரே சிந்தனைக்குரியது. ‘பதிலாளுக்கு மேலான வெற்றிகள்’ என அதனைத் தமிழாக்கலாம். ஒரு வீரரின் பெறுமதி, மிகக் குறைந்த சம்பளத்துக்கு எந்நேரமும் எடுக்கத்தக்க ஒரு கற்பனைப் பதிலாளுடன் ஒப்பிட்டே கூறப்படுகின்றது. வாயிலில் காத்துநிற்கும் வேலையற்றோரின் சேமப்படை உள்ளிருப்போரின் கூலியை நிர்ணயிக்கின்றது என்று அரசியற் பொருளாதாரம் கூறியது இங்கு ஒரு சூத்திரமாகவே வடிக்கப்பட்டுள்ளது. இதனை முதலில் வகுத்த இரசிகர் எவரும் வீரரை மலிவாக்கக் கருதவில்லை. அவர்கள் உண்மையை அறிய விரும்பினர், அவ்வளவே. ஆனால் ஜேம்ஸே 2002 இறுதியில் பொஸ்ரன் அணியின் ஆலோசகரானார்; பின்னர் வந்த ஆய்வாளரும் ஒருவர் பின் ஒருவராக அணிகளின் அலுவலகங்களுள் மறைந்தனர். ஒருகாலத்தில் அனைவரும் படித்த ஆராய்ச்சி வணிக இரகசியமாயிற்று. ‘நடை’யின் மலிவும் நீடிக்கவில்லை. ஹேக்ஸ், சோவர் என்னும் பொருளியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூல் வெளிவந்த மறு ஆண்டான 2004இலேயே சந்தை அதற்குரிய விலையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

கலைப்படைப்பு என்ற அளவில் நூலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். உடலைப் பார்த்து மதிப்பிடாதீர் என்று முந்நூறு பக்கம்வரை வாதாடிய லூயிஸ், நூலை முடிப்பது எண்ணுடன் அன்று. பருத்த உடலுக்காக ஏனைய அணிகளால் ஏளனம்செய்யப்பட்ட ஜெரெமி பிறவுன் என்ற இளைஞன், பந்தை அடித்துவிட்டு ஓடித் தடுக்கி விழுகின்ற காட்சியுடன் முடிக்கின்றார். பந்து மதிலைத் தாண்டிச் சென்றுவிட்டதை விழுந்தவன் அறியவில்லை. பிறர் சிரிப்பின் நடுவே எழுகின்றான். நூலிலேயே மிக உயிர்ப்பான பகுதி இது. எண்களின் வழக்குரைஞர் தம் வழக்கை நிறைவுசெய்ய ஒரு மனிதனின் நாணத்தை நாடவேண்டியிருந்தது. பிறவுன் பின்னர் 2006இல் பெரிய அணிக்காக ஐந்து ஆட்டங்களே ஆடினார்.

நூல் போற்றிய ஒக்லண்ட் அணியின் பிற்கதையை இன்று படிப்போர் தவிர்க்க இயலாது. மலிவாக வெல்லும் கலை, காலப்போக்கில், மலிவாக இருக்கும் கலையாகத் தேய்ந்தது. 2022இல் பீன் உடைமையாளரின் ஆலோசகராக விலகினார். 2023இல் அணி 112 ஆட்டங்களிற் தோற்றது. உடைமையாளரான ஜோன் பிஷர் அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுசெல்ல முயன்றபொழுது, எவரும் வருவதில்லை என்ற அரங்கின் வெறுமை அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இரசிகர் அதற்குப் பதிலிறுத்த முறை விசித்திரமானது. 2023 யூன் 13ஆம் திகதி, பகிஷ்கரிப்பைத் தலைகீழாக்கி, அரங்கை நிரப்புவதென்று தமக்குள் பேசி முடிவெடுத்து, 27,759 பேர் வந்தனர். அணியை விற்றுவிடு என்று முழங்கினர். தோற்றுக்கொண்டிருந்த அணியும் அன்று தொடர்ச்சியான ஏழாவது வெற்றியைப் பெற்றது. அதே வாரத்தில் நெவாடா மாநிலச் சட்டமன்றம், புதிய அரங்குக்காக 380 மில்லியன் டொலர் வரையிலான பொதுப்பணத்தை வழங்க இசைந்தது. 2024 செப்ரெம்பர் 26ஆம் திகதி ஒக்லண்டில் நிகழ்ந்த இறுதி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்திருந்தனர். ஒக்லண்ட் 3–2 என்ற கணக்கில் வென்றது. அடுத்த ஆண்டு முதல் அணி சக்கரமென்ரோவை அடுத்த சிறிய அரங்கொன்றில், ஊர்ப்பெயர் எதனையும் சூடாமல், வெறுமனே ‘அத்லெற்றிக்ஸ்’ என்ற பெயருடன் ஆடத் தொடங்கிற்று.